ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியும் அதன் 2020-21 பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த அணியைப் பற்றியது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே உள்ள மூன் டவுன்ஷிப்பில் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1921-இல் தொடங்கப்பட்ட இத்தனியார் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2005-06 பருவத்தில் முதன்முதலாகக் களமிறங்கியது. ஆண்கள் அணி அதற்கு ஓராண்டு மூத்தது. ஒஹாயோ ஆற்றின் நடுவே உள்ள நெவில் தீவில், பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான ஐலண்ட் ஸ்போர்ட்ஸ் சென்டர் என்ற விளையாட்டு வளாகம்தான் இரண்டு அணிகளுக்கும் சொந்தக் களம்.

கொரோனா பெருந்தொற்றின் நடுவே நடந்த 2020-21 பருவத்தில் இந்தப் பெண்கள் அணி தன் போட்டிக் குழுவின் கோப்பையை வென்று தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கோப்பையை வென்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் அணியையே பல்கலைக்கழகம் கலைத்துவிட்டது. ஏன் கலைக்கப்பட்டது, அதனால் யார் என்ன இழந்தார்கள், அணி எப்படித் திரும்பி வந்தது என்பவை குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி எவ்வாறு நடத்தப்படுகிறது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அது பெண்கள் ஐஸ் ஹாக்கிக்குத் தேசியப் போட்டியை 2001-இல்தான் தொடங்கியது. உயர்மட்டத்தில் ஆடும் அணிகள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ நாற்பதுதான். அவை சில போட்டிக் குழுக்களாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுகின்றன. ராபர்ட் மோரிஸ் அப்போது இருந்த குழுவின் பெயர் காலேஜ் ஹாக்கி அமெரிக்கா. மெர்சிஹர்ஸ்ட், சிரக்யூஸ், பென் ஸ்டேட், லிண்டன்வுட், ஆர்.ஐ.டி. ஆகியவை அக்குழுவின் மற்ற ஐந்து அணிகள். குழுவின் இறுதிப் போட்டியில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கும். சிறிய குழுவின் அணிகளுக்கு நடைமுறையில் அது ஒன்றே வழி என்று சொல்லிவிடலாம்.

ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். பனித்தளத்தில் ஓர் அணிக்குக் கோல் காப்பாளருடன் ஆறு பேர் இருப்பார்கள். ஆண்கள் ஆட்டத்தைப் போல உடலால் மோதித் தள்ள அனுமதி இல்லை. அதனால் வேகமும், பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டான பக்கைக் கையாளும் நுணுக்கமும் கூடுதலாக எடுபடும். ஒரு வீராங்கனை முக்கால் நிமிடம் முழு மூச்சாகச் சறுக்கி ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கச் சுவரைத் தாண்டி வெளியே வருவார். அவர் வெளியேறும்போதே அடுத்தவர் தளத்தில் இறங்கிவிடுவார். இதனால்தான் ஓர் அணிக்கு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தேவைப்படுகிறார்கள். நான்கைந்து நல்ல வீராங்கனைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த விளையாட்டில் காலம் தள்ள முடியாது. அணியைக் கலைத்தபின் மீண்டும் கட்டுவது ஏன் அவ்வளவு சிரமமாக இருந்தது என்பதற்கும் பாதிக் காரணம் இதுவே.

2020-21 பருவம் ஆடுகளத்தில் எந்த அளவுக்குக் கடினமாக இருந்தது?

வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில் தொடங்கும் பருவம் அந்த ஆண்டு நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதுவும் எல்லோருக்கும் கிட்டவில்லை. 2020 நவம்பர் 12 அன்று ஐவி லீக் என்று அழைக்கப்படும் எட்டு பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள் குளிர்கால விளையாட்டுகளை முழுமையாக ரத்து செய்தன. ஹார்வர்ட், கார்னெல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஆறு பெண்கள் ஹாக்கி அணிகள் ஒரே அறிவிப்பில் காணாமல் போயின. அவை அங்கம் வகித்த ஈ.சி.ஏ.சி. குழுவில் உள்ள பன்னிரண்டு அணிகளில் கோல்கேட், கிளார்க்சன், குவினிபியாக், செயின்ட் லாரன்ஸ் என்ற நான்கு மட்டுமே அந்த ஆண்டு ஆடின.

ஆடிய அணிகளுக்கும் நிலைமை இலகுவாக இல்லை. தொடர் பரிசோதனை, ஒருவருக்குத் தொற்று என்றால் அருகில் இருந்தவர்களுக்கெல்லாம் தனிமை, கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆட்டங்கள், பார்வையாளர் இல்லாத அரங்குகள் என்று பருவம் நகர்ந்தது. முந்தைய ஆண்டு என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் நினைவிருந்தது: 2020 மார்ச் 12 அன்று, காலிறுதிகளுக்கு இரண்டே நாள் இருக்கையில், தேசியப் போட்டி முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது. ஆகவே 2021-இலும் மார்ச் வரை விளையாடினாலும் கடைசியில் கோப்பை என்று ஒன்று இருக்குமா என்ற ஐயத்துடனேயே அணிகள் ஆடின.

அந்தப் பருவத்தில் ராபர்ட் மோரிஸ் எதுவரை முன்னேறியது?

2021 மார்ச் மாதத் தொடக்கத்தில் சிரக்யூஸை வென்று குழுவின் கோப்பையைக் கைப்பற்றியது. 2012, 2017 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு இது மூன்றாவது முறை. தேசியப் போட்டிக்கு 2017-இல் முதன்முதலாகச் சென்றபோது விஸ்கான்சினிடம் 7-0 என்று தோற்றிருந்தது. இப்போது இரண்டாவது வாய்ப்பு.

தொற்றுக் கட்டுப்பாடுகளின் காரணமாக எட்டு அணிகளையும் ஈரி ஏரிக்கரையில் உள்ள ஈரி நகரிலேயே கூட்டி, ஒரே அரங்கில் எல்லா ஆட்டங்களையும் நடத்தினார்கள். ராபர்ட் மோரிஸுக்கு முதல் ஆட்டமே போட்டியின் முதல்நிலை அணியான நார்த்ஈஸ்டர்னுடன் அமைந்தது. எதிரணியின் கோல் காப்பாளர் ஏரின் ஃப்ராங்கல், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பேட்டி காஸ்மையர் விருதைப் பெற்றவர். 5-1 என்ற கணக்கில் ராபர்ட் மோரிஸ் தோற்றது. நார்த்ஈஸ்டர்ன் இறுதிவரை சென்று, கூடுதல் நேரத்தில் விஸ்கான்சினிடம் 2-1 என்று கோப்பையை இழந்தது. நாட்டிலேயே தலைசிறந்ததாக மதிக்கப்பட்ட அணியிடம் தோற்று வெளியேறியதை எவரும் சறுக்கல் என்று சொல்லமாட்டார்கள்.

வெற்றி பெற்ற அணியை ஏன் கலைத்தார்கள்?

2021 மே 26 அன்று ஆண்கள், பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிகள் இரண்டையும் உடனடியாக நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 55 மாணவ விளையாட்டு வீரர்களும் 7 பணியாளர்களும் இதனால் பாதிக்கப்பட்டார்கள். நூற்றாண்டை நெருங்கும் பல்கலைக்கழகத்தை வருங்காலத்துக்கு ஏற்ப மறுசீரமைக்கும் திட்டங்களின் ஒரு பகுதி என்பதே அறிவிப்பில் தரப்பட்ட விளக்கம். கிறிஸ் ஹோவர்ட் அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார்.

செலவுக் கணக்கு பின்னணியில் இருந்தது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஐஸ் ஹாக்கி செலவு பிடித்த விளையாட்டு. பனித்தளத்தைக் கோடையிலும் உறைந்த நிலையில் வைத்திருக்க வேண்டும், உபகரணங்கள் விலை கூடியவை, பயணங்கள் நீண்டவை, பெண்கள் அணிக்கு அன்றைய விதிகளின்படி 18 முழு உதவித்தொகைகள் வரை கொடுக்கலாம். அதே பல்கலைக்கழகம் 2013 டிசம்பரிலும் ஏழு விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. மறுபுறம், 2020-இல் தன் மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஹொரைசன் லீக் என்ற வேறொரு குழுவுக்கு மாற்றியது. ஹாக்கிக்கு அந்த லீக்கில் இடமில்லை. அதனால் நிர்வாகத்தின் பார்வையில் ஹாக்கி தனித்து நின்ற ஒரு செலவாகத் தெரிந்திருக்கக் கூடும்.

எனினும் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்கத் தடையாக இருப்பது ஒன்று உண்டு. அறிவிப்புக்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான், 2021 ஏப்ரலில், ஆண்கள் கல்லூரி ஹாக்கியின் தேசிய இறுதிச் சுற்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது. அதை ஏற்று நடத்திய பல்கலைக்கழகம் ராபர்ட் மோரிஸ். ஊரெங்கும் ஹாக்கியின் முகமாகத் தன்னைக் காட்டிக்கொண்ட நிறுவனம், விருந்தினர் புறப்பட்டுப் போனதும் கடையை மூடியது போன்ற தோற்றத்தை அது தந்தது. பணம் இல்லை என்பது ஒரு நியாயம். ஆனால் பணம் திரட்ட முடியுமா என்று முன்னாள் வீரர்களிடமோ நன்கொடையாளர்களிடமோ வெளிப்படையாகக் கேட்டுப் பார்க்காமல் முடிவெடுத்ததுதான் கோபத்துக்குக் காரணமானது. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்த ஆறு மாதங்கள் காட்டிவிட்டன.

அறிவிப்பு மே மாதக் கடைசியில் வந்தது ஏன் பெரும் சிக்கலானது?

முடிவைக் காட்டிலும் அது வந்த நேரமே வீராங்கனைகளுக்குப் பெருங்கேடு செய்தது என்பது இப்பக்கத்தை எழுதியவரின் கருத்து. கல்லூரி அணிகள் அடுத்த பருவத்துக்கான ஆட்களையும் உதவித்தொகையையும் வசந்த காலத்துக்குள் முடிவு செய்துவிடும். மே கடைசியில் வேறு கல்லூரி தேடும் ஒருவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் உதவித்தொகை இல்லாத இடமோ, மூன்றாவது கோல் காப்பாளர் என்ற இடமோதான்.

2021-இல் இந்த நெருக்கடி இரட்டிப்பாக இருந்தது. பெருந்தொற்றால் பருவம் பாதிக்கப்பட்டதை ஈடுசெய்வதற்காக, குளிர்கால விளையாட்டு வீரர்கள் எல்லோருக்கும் கூடுதலாக ஓராண்டு ஆடும் தகுதியை என்.சி.ஏ.ஏ. அளித்திருந்தது. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு. ஆனால் அதன் விளைவாக, வெளியேறியிருக்க வேண்டிய இறுதியாண்டு வீராங்கனைகள் பலர் தங்கள் அணிகளிலேயே தங்கினார்கள். புதியவர்களும் ஏற்கெனவே ஒப்பந்தப்படி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது சொச்சம் அணிகளே உள்ள விளையாட்டில் காலி இடம் என்பது கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று.

இடம் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. மூன்றாம் ஆண்டு முடித்த ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், அதுவரை எடுத்த பாடங்களில் எத்தனையை அங்கே ஏற்பார்கள் என்பதைப் பாடம் பாடமாகப் பார்க்க வேண்டும். செவிலியர் படிப்பு, பொறியியல் போன்றவற்றில் ஓராண்டு வீணாவது சாதாரணம். அணியில் கனடாவிலிருந்து வந்தவர்கள் பலர்; அவர்களுக்கு மாணவர் விசாவின் ஆவணங்களையும் புதிய கல்லூரியின் பெயருக்கு மாற்ற வேண்டும். இவை அத்தனையையும் ஜூன், ஜூலை என்ற இரண்டு மாதங்களுக்குள் செய்து முடிக்க வேண்டியிருந்தது. அணியில் சேர ஒப்புக்கொண்டு, பள்ளிப் படிப்பை முடித்து, வேறு வாய்ப்புகளை மறுத்துவிட்டு வரக் காத்திருந்த மாணவிகளின் நிலை இன்னும் மோசம்: ஒரு நாள்கூட ஆடாத அணியை இழந்தவர்கள் அவர்கள்.

ஆண்கள் அணியும் நீக்கப்பட்டதே. இதைப் பெண்களுக்கு எதிரான செயல் என்று சொல்லலாமா?

ராபர்ட் மோரிஸில் இரண்டு அணிகளும் ஒன்றாகவே நிறுத்தப்பட்டன. ஆகவே அந்தக் குற்றச்சாட்டை அங்கே நேரடியாக வைக்க முடியாது. ஆனால் விளைவு சமமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்கள் பிரிவில் உயர்மட்ட அணிகள் அறுபது அளவில் இருந்தன. கல்லூரிக்கு வெளியேயும் இளையோர் லீகுகளும் தொழில்முறை லீகுகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெண்களுக்கு அப்போது நிலையான தொழில்முறை லீக் அமையவில்லை, பி.டபிள்யூ.ஹெச்.எல். என்ற பெண்கள் தொழில்முறை லீக் தன் முதல் ஆட்டத்தை 2024 ஜனவரியில்தான் நடத்தியது. 2021-இல் கல்லூரி அணியை இழந்த பெண்ணுக்கு, அத்துடன் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

பெண்கள் அணியை மட்டும் நீக்கிய நிகழ்வை அறிய விரும்புவோர் நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். ராபர்ட் மோரிஸ் முதன்முதலாகத் தேசியப் போட்டிக்குச் சென்ற அதே 2017 மார்ச் மாதத்தின் கடைசியில், அந்தப் பல்கலைக்கழகம் செலவுக் குறைப்பைக் காரணம் காட்டித் தன் பெண்கள் ஹாக்கி அணியை நிறுத்தியது. புகழ்பெற்ற ஆண்கள் அணியைத் தொடவில்லை. பதினொரு மாதங்கள் கழித்து, 2018 பியோங்சாங் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்கு எதிராக அமெரிக்காவுக்குச் சமன் கோலை அடித்தவர் மோனிக் லமுரூ; ஆட்டம் ஷூட்-அவுட்டுக்கு (கோல் காப்பாளரை ஒருவர் மட்டும் எதிர்கொண்டு கோல் அடிக்க முயலும் சுற்றுக்கு) சென்றபோது தங்கத்தை உறுதி செய்த கோலை அடித்தவர் அவருடைய இரட்டைச் சகோதரி ஜோஸ்லின். இருவரும் நார்த் டகோட்டா அணியில் ஆடியவர்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் முன்னாள் வீராங்கனைகள் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஆகஸ்டில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால் நார்த் டகோட்டாவில் பெண்கள் அணி திரும்பவில்லை.

ராபர்ட் மோரிஸ் அணி எவ்வாறு மீட்கப்பட்டது?

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே முன்னாள் வீரர்களும் பெற்றோர்களும் நகரின் ஹாக்கி ஆர்வலர்களும் ஒன்றுகூடி நிதி திரட்டத் தொடங்கினார்கள். இதற்காகவே பிட்ஸ்பர்க் காலேஜ் ஹாக்கி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அமைந்தது. இந்த முயற்சியில் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் பிரியான் மெக்லாக்லின். ராபர்ட் மோரிஸ் அணியின் தொடக்க ஆண்டுகளில் கோல் காத்து, பிறகு 2010, 2014 ஒலிம்பிக்குகளில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்றவர் அவர்.

பல்கலைக்கழகம் கதவை முழுமையாக அடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட நாளுக்குள் திரட்டினால் மறுபரிசீலனை செய்வோம் என்று அது இறங்கி வந்தது. பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. 2021 டிசம்பர் 17 அன்று இரண்டு அணிகளையும் மீட்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. கலைத்த அறிவிப்புக்கும் மீட்ட அறிவிப்புக்கும் இடையே ஏழு மாதம்கூட இல்லை.

மீட்பு 2021-இலேயே முடிவாகியும் அணி 2023 வரை ஏன் ஆடவில்லை?

ஆட ஆளில்லை என்பதே நேரான பதில். மே மாதத்தில் இருந்த அணி டிசம்பருக்குள் சிதறிவிட்டது. பயிற்சியாளர்களும் பிழைப்பைப் பார்த்துப் போய்விட்டார்கள். கல்லூரி ஹாக்கியில் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பயிற்சியாளர்கள் மாணவிகளுடன் பேசத் தொடங்குகிறார்கள். ஆகவே 2021 டிசம்பரில் வெறுங்கையுடன் தொடங்கும் ஓர் அணி, 2022 இலையுதிர் காலத்தில் ஆடத் தகுந்த இருபது பேரைச் சேர்ப்பது நடக்காத காரியம். 2023-24 பருவம் என்று குறித்தது அவசரப்படாத, சரியான முடிவு.

தலைமைப் பயிற்சியாளராக லோகன் பிட்டில் நியமிக்கப்பட்டார். பழைய அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர், மெக்லாக்லினின் கணவரும்கூட. அவருக்குக் கிடைத்த பணி விசித்திரமானது. வழக்கமான அணியில் முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை படிப்பவர்கள் இருப்பார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பனித்தளத்திலும் வெளியிலும் வழிகாட்டுவார்கள். எதிரணியின் முனையில் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, தண்டனையால் ஒருவர் வெளியே இருக்கும் பெனால்ட்டி நேரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் சொல்லாமலே கைமாறும். இங்கே கைமாற்றித் தர ஆளே இல்லை. பள்ளியிலிருந்து நேராக வந்தவர்களையும் பிற கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களையும் ஒரே நாளில் ஒன்றுசேர்த்து, நான்கைந்து ஆண்டுகளாகக் கூடி ஆடும் அணிகளுக்கு எதிரே நிறுத்த வேண்டியிருந்தது. திரும்பி வந்த முதல் பருவத்தின் தோல்விகளை 2021 அணியின் வெற்றிகளோடு ஒப்பிடுவோர் இதைக் கணக்கில் கொள்வது நல்லது. பெயரும் சீருடையும் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டும் வெவ்வேறு அணிகள்.

சிதறிப்போன வீராங்கனைகளில் யாராவது பின்னர் சாதித்தார்களா?

நன்கு அறியப்பட்டவர் ரேகன் கிர்க். கனடாவின் மானிடோபா மாகாணத்தைச் சேர்ந்த இவர் ராபர்ட் மோரிஸில் கோல் காத்தவர். அணி கலைக்கப்பட்டபின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2024 மார்ச்சில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் விஸ்கான்சினுக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காமல் நின்று, ஒஹாயோ ஸ்டேட் 1-0 என்று வெல்லக் காரணமானார். பிறகு டொராண்டோவின் தொழில்முறை அணியில் சேர்ந்தார். ஆனால் அவரை எடுத்துக்காட்டி எல்லாம் நன்மைக்கே என்று முடித்துவிடுவது நேர்மையாகாது. பனித்தளத்தில் கோல் காப்பாளருக்கு ஒரே இடம்தான். அதிலும் அவருடைய தரத்தில் இருப்பவரை எந்த அணியும் தேடிப் பிடிக்கும். மூன்றாவது, நான்காவது வரிசையில், அதாவது முதன்மை வீராங்கனைகளுக்கு அடுத்தபடியாகக் களமிறங்கும் குழுக்களில், ஆடியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

2020-21 பருவத்தால் பெண்கள் கல்லூரி ஹாக்கியில் பொதுவாக ஏதேனும் மாறியதா?

தேசியப் போட்டியின் அளவு மாறியது. 2021 மார்ச்சில் கூடைப்பந்துப் போட்டியின்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தரப்பட்ட உடற்பயிற்சி வசதிகளில் இருந்த வேறுபாடு அம்பலமாகி, என்.சி.ஏ.ஏ. வெளியாரைக் கொண்டு ஆய்வு நடத்த வேண்டிய கட்டாயம் வந்தது. அந்த வெளிச்சம் ஹாக்கியின் மீதும் பட்டது: ஆண்கள் போட்டியில் 16 அணிகள், பெண்கள் போட்டியில் 8. அடுத்த ஆண்டே, 2022-இல், பெண்கள் போட்டி 11 அணிகளாக விரிவடைந்தது. ராபர்ட் மோரிஸ் ஆடியது எட்டு அணிகள் கொண்ட கடைசிப் போட்டி. அது விரிவடைந்தபோது ஆடுவதற்கு அந்த அணி இல்லை.

அணி இப்போது எந்தக் குழுவில் ஆடுகிறது?

2024-இல் காலேஜ் ஹாக்கி அமெரிக்காவும் ஆண்கள் குழுவான அட்லாண்டிக் ஹாக்கியும் இணைந்து அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா என்ற ஒரே அமைப்பாயின. ராபர்ட் மோரிஸின் இரண்டு அணிகளும் இப்போது அதில்தான் இருக்கின்றன. பெண்கள் பிரிவில் பழைய ஆறு அணிகளுடன் 2025-26 பருவத்தில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் புதிய அணியும் சேர்ந்திருக்கிறது.